தன் கையே தனக்கு உதவி

நுழையும்முன்

காலையில் எழுந்தது முதல் இரவில் உறங்கும்வரை நாம் செய்யும் செயல்கள் எண்ணற்றவை. பல் துலக்குகிறோம், குளிக்கிறோம், சட்டைப் பொத்தானை இடுகிறோம், உணவைப் பிசைந்து உண்கிறோம். இவற்றுள் எதனையும் நாம் எண்ணிப் பார்த்துச் செய்வதில்லை. கை தானே செய்து முடித்துவிடுகிறது. அந்தக் கை ஒருநாள் ஓய்ந்துவிட்டால், இழந்த செயல்களை மீண்டும் நம் வசமாக்கித் தரும் துறை ஒன்று இருக்கிறது. அத்துறை எவ்வாறு சிந்திக்கிறது, அதில் நம் பங்கு யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

திருவில்லிபுத்தூரில் ஓர் இல்லம்

திருவில்லிபுத்தூரின் தேரோடும் வீதிக்கு அருகே ஓர் இல்லத்தை மனக்கண்முன் கொண்டுவருவோம். அவ்வீட்டு மூதாட்டிக்கு அகவை அறுபதைக் கடந்துவிட்டது. மார்கழி மாதத்தில் விடியுமுன் எழுந்து வாசலில் கோலமிடுவதில் அந்தத் தெருவிலேயே அவருக்கு இணையானவர் இல்லை. ஒருநாள் அவரைப் பக்கவாதம் தாக்குகிறது. மருத்துவமனை அவர் உயிரைக் காக்கிறது. இயன்முறை மருத்துவர் அளித்த பயிற்சியால் கோலூன்றி நடக்கவும் தொடங்குகிறார். ஆயினும் வலக்கை முன்போல் இயங்கவில்லை.

வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. மருமகள் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறார். மகள் தலை வாரிவிடுகிறார். பேரன் தண்ணீர்க் குவளையை வாயருகே கொண்டுசெல்கிறான். மூதாட்டி அடுக்களைப் பக்கம் வந்தால், “நீங்கள் உட்காருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். மூன்று மாதங்களில் உடல் தேறுகிறது. ஆனால், அவர் பேச்சு குறைந்துவிடுகிறது. பகலெல்லாம் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார்.

நோய் அவரிடமிருந்து ஒரு கையின் வலிமையைப் பறித்தது. எஞ்சிய செயல்களையெல்லாம் பறித்தது எது? அவர்மீது கொண்ட அன்புதான் என்றால் நமக்குச் சற்று அதிர்ச்சியாக இருக்கும். ஆனால், நம் இல்லங்கள் பலவற்றில் நிகழ்வது அதுவே. உதவி என்று எண்ணி நாம் செய்வது சில வேளைகளில் ஒருவருடைய வாழ்வையே அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வதாக முடிந்துவிடுகிறது.

தொழில் என்னும் சொல்

இத்தகையோருக்கு உதவும் துறை மருத்துவமனைகளில் ‘ஆக்குபேஷனல் தெரபி’ என வழங்குகிறது. தமிழில் இதனைத் தொழில்வழிச் சிகிச்சை எனலாம். பெயரைக் கேட்டதும், வேலைவாய்ப்புக்கான பயிற்சி போலும் என்று பலர் எண்ணுகின்றனர். ஊதியம் தரும் பணி என்பது தொழில் என்னும் சொல்லின் ஒரு பொருளே. இலக்கண வகுப்பில் நீங்கள் கற்ற தொழிற்பெயரை நினைத்துப் பாருங்கள். உண்ணல், உடுத்தல், நடத்தல், எழுதுதல், விளையாடுதல் ஆகிய யாவும் தொழிற்பெயர்களே. அங்கே தொழில் என்பதற்குச் செயல் என்பதே பொருள். இச்சிகிச்சை கருதும் தொழிலும் அதுவே. ஒரு மனிதர் தம் நாளை நிரப்பும் செயல்கள் எவையோ அவையனைத்தும் இதன் எல்லைக்குள் அடங்கும்.

இயன்முறை மருத்துவத்திற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு, வேறுபாடும் உண்டு. தோள் எவ்வளவு உயர்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, தசை எவ்வளவு வலுப்பெற்றுள்ளது என்பவற்றை இயன்முறை மருத்துவர் முதன்மையாகக் கவனிக்கிறார். உயர்ந்த அந்தத் தோளைக் கொண்டு அவரால் தலை வாரிக்கொள்ள முடிகிறதா என்பது தொழில்வழிச் சிகிச்சையாளரின் வினா. இருவர் பணியும் இணையும்போதுதான் நோயர் முழுமையாக வாழ்வுக்குத் திரும்புகிறார்.

ஒரு தனித்துறையாக இது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. 1917இல் அமெரிக்காவில் இதற்கெனச் சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். தாமே உடலின் ஒரு பக்கம் செயலிழந்து மீண்டவர். இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட அவர், 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதனைத் தோற்றுவித்த பத்து நாடுகளுள் இந்தியாவும் இடம்பெற்றது.

செயலைப் பகுத்தல்

ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் எனப் பிரித்து ஆராய்வதைப் பகுபத உறுப்பிலக்கணத்தில் கற்றிருக்கிறீர்கள். தொழில்வழிச் சிகிச்சையாளர் செயலை அவ்வாறு பகுக்கிறார்.

காப்பி அருந்துதல் என்னும் எளிய செயலை எடுத்துக்கொள்வோம். வட்டிலில் வைத்த குவளையை நோக்கிக் கை நீள வேண்டும். விரல்கள் விரிந்து குவளையின் விளிம்பைப் பற்ற வேண்டும். சூட்டை விரல் நுனி உணர வேண்டும். ஆற்றுவதற்கு ஒரு கை குவளையையும் மறுகை வட்டிலையும் ஏந்தி, உயர்த்தித் தாழ்த்த வேண்டும். பிறகு முழங்கை மடங்கி, மணிக்கட்டு சாய்ந்து, உதட்டருகே குவளை நிற்க வேண்டும். இறுதியாகச் சிந்தாமல் கீழே வைக்க வேண்டும். இவ்வளவும் கூடியதே ஒரு மிடறு.

இவ்வாறு பகுத்த பின்னரே இடர் எங்கே இருக்கிறது என்பது புலனாகிறது. நம் மூதாட்டிக்கு முழங்கை மடங்குகிறது; விளிம்பைப் பற்றும் வலிமைதான் விரல்களுக்கு இல்லை. அவ்வாறாயின் அவரால் காப்பி அருந்த இயலாது என்று முடிவுகட்டுவது பிழை. விளிம்புள்ள குவளைக்கு மாற்றாகப் பெரிய கைப்பிடியுள்ள கோப்பையைத் தரலாம். காப்பியை முன்னரே ஆற்றிப் பாதியளவு ஊற்றலாம். கோப்பையின் அடியில் ஈரத்துணியை விரித்தால் அது நழுவாது. ஊட்டிவிட ஓர் ஆள் தேவைப்பட்ட இடத்தில் இப்போது ஒரு கோப்பையும் ஒரு துணியுமே போதுமாகின்றன.

மூன்று வழிகள்

செயலுக்கும் ஆளுக்கும் இடையே தோன்றும் இடைவெளியைக் குறைக்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ஆளின் ஆற்றலை வளர்த்தல். விரல்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். ஆனால், பொருளற்ற பயிற்சியை நூறு முறை செய்யச் சொன்னால் எவருக்கும் சலிப்புத் தோன்றும். விரும்பும் செயலையே பயிற்சியாக்கினால் சலிப்பு நீங்கும். பட்டாணி உரித்தல், பூத்தொடுத்தல், துணி மடித்தல் ஆகியவை விரல்களுக்கு வேலை தருவன. வீட்டுக்கும் பயன் தருவன.

இரண்டாவது, செய்யும் முறையை மாற்றுதல். ஒரு கை நலிந்தவர் சட்டை அணியும்போது நலிந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதனை இறுதியில் எடுக்க வேண்டும். இச்சிறு வரிசைமாற்றம் பிறர் உதவியின்றி உடுத்த வழிசெய்கிறது. நின்று செய்தவற்றை அமர்ந்து செய்வதும், ஒரே மூச்சில் செய்தவற்றை இடைவிட்டுச் செய்வதும் இவ்வகையினவே.

மூன்றாவது, பொருளையும் இடத்தையும் மாற்றுதல். அரிவாள்மணையில் காய் நறுக்கத் தரையில் அமர வேண்டும். காலால் மணையை மிதித்துக்கொள்ள வேண்டும். இரு கைகளும் வேண்டும். ஒரு பலகையில் துருப்பிடிக்காத ஆணிகள் இரண்டை அடித்து, முனை மேல்நோக்கி இருக்குமாறு அமைத்தால், காயை அந்த ஆணிகள் பிடித்துக்கொள்ளும். மேசையருகே அமர்ந்து ஒரு கையால் கத்தியைக் கொண்டு நறுக்கிவிடலாம்.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். புண்ணைக் கட்டுவதற்கு நெய்யப்படும் அத்துணிக்கு இன்னொரு பயனும் உண்டு. மெல்லிய கைப்பிடியுள்ள கரண்டியின்மேல் அதனைப் பல சுற்றுகள் சுற்றினால் கைப்பிடி பருமனாகிறது. விரல்களை முழுமையாக மடக்க இயலாதவர்க்கு மெல்லிய பிடியைவிடப் பருத்த பிடியே எளிது. பேனாவுக்கும் சீப்புக்கும் பல்துலக்கிக்கும் இவ்வுத்தி பொருந்தும். இதற்கு ஆகும் செலவு சில ரூபாய்களே.

இம்மூன்று வழிகளையும் கையாளும்போது நம் பண்பாட்டையும் நோக்க வேண்டும். வலக்கை நலிந்தவரிடம் இடக்கையால் உண்ணுங்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், இடக்கையால் உண்பதைக் கூச்சமாகக் கருதும் வீட்டில் வளர்ந்த மூதாட்டி, அதைவிடப் பிறர் ஊட்டுவதே மேல் என்று எண்ணக்கூடும். அவர் கூச்சத்தை அறியாமை என்று ஒதுக்காமல், பருத்த பிடியுள்ள கரண்டியை வலக்கையிலேயே பிடிக்கவும், சோறு வெளியே சிதறாதவாறு உயர்ந்த விளிம்புள்ள தட்டில் உண்ணவும் வழிசெய்பவரே நல்ல சிகிச்சையாளர்.

படிக்கட்டும் ஒரு தடையே

குறைபாடு உடலில் மட்டும் இருப்பதில்லை, கட்டடத்திலும் இருக்கிறது. சக்கர நாற்காலியில் செல்பவர்க்குச் சமதரையில் எந்த இடரும் இல்லை. மூன்று படிகள் எதிர்ப்படும் இடத்தில்தான் அவர் இயலாதவர் ஆகிறார். படிக்கு அருகே சாய்தளம் அமைந்துவிட்டால் அந்த இயலாமை மறைந்துவிடுகிறது.

சாய்தளத்திற்கும் கணக்கு உண்டு. ஒரு பங்கு உயரத்திற்குக் குறைந்தது பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது பொதுவிதி. 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 180 செ.மீ. நீளம் தேவை. மூன்று படிகள் சேர்ந்து 45 செ.மீ. உயரமானால் 540 செ.மீ. நீளம் வேண்டும். இக்கணக்கை அறியாமல் செங்குத்தாகக் கட்டப்படும் சாய்தளங்கள் பலவற்றை நாம் காண்கிறோம். அவற்றில் ஏறுவோர் பின்னோக்கிச் சரிவர். இறங்குவோர் நிலைகுலைந்து விழுவர். பெயரளவில் சாய்தளமாக இருப்பது உண்மையில் மற்றொரு தடையாகிவிடுகிறது.

திண்ணையும் உயர்ந்த வாசற்படியும் கொண்ட பழைய வீடுகளில், குறுகிய தெருவை நோக்கி ஐந்தரை மீட்டர் நீளத்திற்குச் சாய்தளம் அமைக்க இடமிராது. அங்கே பக்கவாட்டில் திருப்பி அமைக்கலாம். உயரம் குறைந்த கொல்லை வாயிலைப் பயன்படுத்தலாம். இடத்திற்கேற்ற விடையைத் தேடுவதே இத்துறையின் இயல்பு. வீதியின் திருப்பத்தில் பெருந்தேரைத் திசைமாற்றுவன சக்கரத்தடியில் இடப்படும் சிறு கட்டைகள். தேரின் அளவை நோக்க அவை மிகச் சிறியன. வாழ்வின் திருப்பத்தில் நிற்பவர்க்குச் சுவரில் பொருத்திய ஒரு கைப்பிடியும் அத்தகையதே.

வேலூர் காட்டிய வழி

செயலை ஆளுக்கேற்ப அமைத்தல் என்னும் கொள்கைக்குத் தமிழகமே பெருஞ்சான்று தந்துள்ளது. 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். இவர் 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். தொழுநோயர்களின் விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை; வலியுணர்வை இழந்ததால் அறியாமல் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதையும் உணர்த்தினார்.

கை நிமிர்ந்ததோடு இடர் தீரவில்லை. நலம்பெற்றுச் சென்றவர்க்கு வேலை தருவார் எவருமில்லை. மடங்கிய கையைக் காட்டி இரந்து வாழ்ந்தோர்க்கு அந்த வழியும் அடைபட்டது. ஆகவே, நவஜீவ நிலையம் தோன்றியது. அங்கே அவர்கள் தச்சுவேலை முதலானவற்றைக் கற்றனர். தம் கைகளில் காயம் நேராமல் வேலை செய்யவும் கற்றனர். அறுவை கையைத் தந்தது. தொழில் அக்கைக்குப் பொருளைத் தந்தது.

அதே கல்லூரியில் பயிற்சிபெற்ற இளம் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே இயக்கமிழந்தார். இனி அவர் அறுவை மருத்துவராக இயலாது என்றே எவரும் எண்ணுவர். ஆனால், செயலைப் பகுத்துப் பார்த்தவர்கள் வேறு விடை கண்டனர். வயிற்றில் செய்யும் அறுவைக்கு நிற்க வேண்டும். கையில் செய்யும் அறுவையை அமர்ந்தே செய்யலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயர்களின் கைகளை அவர் சீரமைத்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கெனத் தனித்துறையை நிறுவினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. 1972இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடிவந்தது.

ஆய்க்குடியின் பணி

இராசபாளையத்திலிருந்து தெற்கே சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி செல்லும் சாலை மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிச் செல்கிறது. தென்காசியை அடுத்துள்ள ஆய்க்குடியில் அமைந்துள்ளது அமர் சேவா சங்கம்.

இதனை நிறுவியவர் அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்த அவர், 1975 ஜனவரியில் பெங்களூரில் நடந்த கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் பங்கேற்றபோது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்தார். படைவீரராக விரும்பிய இளைஞருக்குத் தன் கையால் ஒரு வாய் நீர் பருகவும் இயலாத நிலை. இராணுவ மருத்துவமனையில் தமக்குச் சிகிச்சையளித்து ஊக்கமூட்டிய மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் நினைவாக, 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டினையே ஐக்கிய நாடுகள் அவை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் 1992இல் அவருடன் இணைந்தார். பள்ளி, சிகிச்சைப் பிரிவுகள், தொழிற்பயிற்சி, தண்டுவடம் சிதைந்தோர்க்கான மறுவாழ்வு மையம் எனச் சங்கம் கிளைத்தது. 2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இச்சங்கத்தின் பணிகளுள் நாம் குறிப்பாக எண்ணத்தக்கது இல்லம் தேடிச் செல்லும் முறை. வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, நாள்தோறும் நகரத்து மருத்துவமனைக்குச் செல்ல எத்தனை தாயரால் இயலும்? ஆகவே, ஊர்ப்புறத்திலேயே பணியாளர்களைப் பயிற்றுவித்து, வல்லுநர்களின் வழிகாட்டுதலோடு வீடுகளுக்கே அனுப்புகின்றனர். குழந்தை உண்பதும் உடுத்துவதும் விளையாடுவதும் வீட்டில்தான். பயிற்சியும் அங்கேயே நிகழ்வதுதான் பொருத்தம்.

தெரிந்து தெளிவோம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். உலகத் தொழில்வழிச் சிகிச்சை நாள் அக்டோபர் 27.

இரக்கமா, உரிமையா?

மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்வனவற்றை இரக்கத்தின்பாற்பட்ட செயல்களாகவே நெடுங்காலம் கருதிவந்தோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அக்கருத்தை மாற்றியது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. பிறருக்கு அளவுமீறிய சுமையாகாத வகையில், ஒருவர் தம் உரிமையைத் துய்ப்பதற்குத் தேவையான மாற்றங்களைச் செய்துதருவது கடமை என்கிறது அச்சட்டம். தேர்வில் விடை சொல்ல, அதனை எழுத ஒருவரை அமர்த்துவதும், கூடுதல் நேரம் அளிப்பதும், வகுப்பைத் தரைத்தளத்திற்கு மாற்றுவதும் சலுகைகள் அல்ல. மற்ற மாணவர்கள் தொடங்கும் அதே கோட்டில் அவரையும் நிற்கச் செய்யும் நேர்மை அது.

உதவியின் அளவு

மீண்டும் திருவில்லிபுத்தூர் இல்லத்திற்குச் செல்வோம். தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் அங்கே வருகிறார். கையை மடக்கச் சொல்லிச் சோதிக்குமுன் ஒரு வினாவை எழுப்புகிறார். “அம்மா, நீங்கள் மறுபடியும் செய்ய விரும்புவது எது?” அவ்வீட்டில் அதுவரை எவரும் கேட்காத வினா அது. மூதாட்டி சற்று நேரம் கழித்து, “வாசலில் கோலம் போட வேண்டும்” என்கிறார்.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பொடியை எடுத்து, சீராக நெகிழவிடும் கலை கோலம். நலிந்த விரல்களுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி அரிது. முதலில் மேசைமேல் ஒரு பலகையில் நான்கு புள்ளிகள் வைக்கிறார். குனிந்து நிற்க இயலாததால், வாசலில் உயரம் குறைந்த முக்காலியில் அமர்கிறார். எழும்போது பற்றிக்கொள்ள நிலைக்கதவருகே ஒரு கைப்பிடி பொருத்தப்படுகிறது. பொடி நழுவும் நாள்களில் துளையிட்ட சிறு குழல் துணைசெய்கிறது. மருமகள் அருகில் நிற்கிறார். கோலத்தை அவர் வாங்கிப் போட்டுவிடவில்லை. அதுதான் அந்த வீடு கற்றுக்கொண்ட அரிய பாடம்.

உதவுவதற்கு அளவு உண்டு. ஒருவரால் செய்ய இயன்றதை நாம் செய்வது உதவியாகாது. இயலாத பகுதியை மட்டும் தாங்கிக்கொண்டு, எஞ்சியதை அவரிடமே விட்டு, அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பொறுமையோடு தருவதே உதவி. பொறுமைதான் இங்கே கடினமானது. நம் கை விரைந்து நீள்கிறது. அதனைத் தடுத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

மார்கழி விடியலில் அவ்வாசலில் ஒரு கோலம் மலர்ந்திருக்கிறது. இழை ஓரிடத்தில் கோணியிருக்கிறது. ஒரு புள்ளி விலகியிருக்கிறது. ஆயினும் அது அவர் தம் கையால் இட்ட கோலம்.

கற்பவை கற்றபின்

1. சட்டை அணிதல், சோறு உண்ணல், புத்தகப்பையை அடுக்குதல் ஆகியவற்றுள் ஒன்றைப் படிப்படியாகப் பகுத்து எழுதுக. ஒரு கையால் மட்டும் அதனைச் செய்ய என்னென்ன மாற்றங்கள் தேவை எனக் குறிப்பிடுக.
2. உங்கள் பள்ளியிலுள்ள சாய்தளத்தின் உயரத்தையும் நீளத்தையும் அளந்து, அது விதிப்படி அமைந்துள்ளதா எனக் கண்டறிந்து, தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் வரைக.
3. ‘உதவிக்கும் அளவு உண்டு’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: தொழில்வழிச் சிகிச்சையில் ‘தொழில்’ என்பது எப்பொருளில் வழங்குகிறது?

சிறுவினா: மேரி வர்கீஸ் மீண்டும் அறுவை மருத்துவராகச் செயல்பட முடிந்தது எவ்வாறு?

நெடுவினா: ‘குறைபாடு உடலில் மட்டும் இருப்பதில்லை’ என்னும் கூற்றைப் பாடச் செய்திகளின் துணைகொண்டு நிறுவுக.